பக்கத்து மனையில் ஸ்டில்ட் பிளஸ் 5: பிளானை யார் பார்த்தார்கள், நாங்கள் எப்போது பார்ப்பது?

வேப்பமரத்தடி | சனி, காலை 9.10

வணக்கம். வீடு சென்னைக்குத் தெற்கே, புறநகரில். 1991இல் அப்பா மனை வாங்கி 94இல் கட்டியது. எங்களுக்கு இடப்பக்கம் இரண்டரை கிரவுண்டில் ஒரு பழைய ஓட்டு வீடும் மூன்று தென்னையும் இருந்தன. போன மாதம் வீட்டை இடித்தார்கள், தென்னையும் போயிற்று. இந்த வாரம் போர் போடும் லாரி தெருவுக்குள் வந்து எதிர்வீட்டுக் கேட்டை உரசிக்கொண்டு நின்றது. அங்கே ஸ்டில்ட் பிளஸ் 5 (கீழே தூண்கள் மட்டும் நிற்கும் கார் தளம், மேலே ஐந்து மாடி), மொத்தம் பத்து வீடு வரப்போகிறது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். அதுவும் மேஸ்திரி சொல்லித்தான்.

கேள்விகள்: அனுமதி கொடுக்கும் முன் அக்கம்பக்கத்தாரைக் கேட்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லையா? பிளானை நாங்கள் பார்க்க முடியுமா? எங்கள் தெரு 23 அடி, நானே டேப் வைத்து அளந்தேன். 23 அடித் தெருவில் ஐந்து மாடிக்கு எப்படிக் கையெழுத்துப் போட்டார்கள்?

இன்னொன்று, இதோடு நேரடிச் சம்பந்தமில்லாதது. எங்கள் லே-அவுட்டில் பூங்காவுக்கு என்று விட்ட இடம் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. அதில் சங்கத்துக்கு ஒரு ஹாலும் படிப்பகமும் கட்டலாம் என்று பேச்சு. அதற்கு யாரைப் பார்க்க வேண்டும்?

கல்லுமண்ணு | சனி, காலை 9.42

கட்டடப் பொறியாளன், பதிவு பெற்றவன். அந்தக் கட்டடத்துக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. மனையின் பயன்பாட்டை மாற்றினால், அதாவது விவசாய மண்டலத்தைக் குடியிருப்பாக மாற்றுவது போன்றதற்கு, பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபம் கேட்பார்கள். அந்தப் பொடி எழுத்து அறிவிப்பை யாரும் படிப்பதில்லை என்பது வேறு கதை. ஆனால் ஏற்கெனவே குடியிருப்பு மண்டலத்தில் இருக்கும் மனையில் குடியிருப்புக் கட்டினால், அது விதிக்கும் விண்ணப்பதாரருக்கும் இடையே உள்ள விவகாரம். பக்கத்து வீட்டுக்காரர் அதில் வரமாட்டார்.

பிளானைப் பார்க்கலாம். உங்கள் பக்கத்து மனை 6,000 சதுர அடி, அதாவது 557 சதுர மீட்டர். 500 சதுர மீட்டருக்கு மேல், எட்டு வீட்டுக்கும் மேல். ஆகவே ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் (ரெரா) பதிவு செய்யாமல் ஒரு வீட்டைக்கூட விற்க முடியாது. பதிவு செய்திருந்தால் அனுமதிக் கடிதமும் வரைபடமும் தமிழ்நாடு ரெராவின் தளத்தில் இருக்கும். தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஒட்டிக் கேளுங்கள்.

அடையாறு_ஆலமரம் | சனி, காலை 10.05

எல்லாம் காசு சார். பிளானாவது ஒன்றாவது. அந்த பில்டர் பெயர் என்ன? நான் சொல்லட்டுமா?

நெறியாளர் | சனி, காலை 10.11

வேண்டாம். நிறுவனம், அதிகாரி, தெரு, எந்தப் பெயரும் வேண்டாம். விஷயத்தைப் பேசுங்கள்.

சங்கிலி66 | சனி, காலை 11.30

திட்ட அனுமதிக் கோப்புகளோடு இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவன், இப்போது ஓய்வு. காசு என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாமலே போகும். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

சென்னைப் பெருநகரப் பகுதியில் 10,000 சதுர அடிக்குள், எட்டு வீட்டுக்குள் என்றால் மாநகராட்சியோ நகராட்சியோ அந்தந்த உள்ளாட்சியே அனுமதி தரலாம். உங்கள் பக்கத்து மனையில் எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, 2 என்று வைத்தால் 12,000 சதுர அடி வரை கட்டலாம், பத்து வீடு. எனவே இது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு, அதாவது சி.எம்.டி.ஏ.வுக்குப் போன கோப்பு. உயரம் 18.30 மீட்டருக்குள் நின்றால் அது உயரமில்லாக் கட்டட வகை. ஐந்து மாடிக்காரர்கள் எல்லாரும் 18 மீட்டரை ஒட்டியே நிற்பதற்குக் காரணம் அதுதான். அதைத் தாண்டினால் உயர்மாடி: நான்கு பக்கமும் குறைந்தது 7 மீட்டர் இடைவெளி, தீயணைப்புத் துறை, விமானநிலைய ஆணையம், போக்குவரத்துக் காவல் என்று வரிசையாகத் தடையின்மைச் சான்று, அதற்கென ஒரு குழு, பிறகு அரசு. 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதியும் சேர்ந்துகொள்ளும்.

சாதாரணக் கோப்பில் மேசையில் என்ன பார்ப்போம்? பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கம் சரியா. நில அளவை வரைபடத்தில் உள்ள அளவும் பத்திரத்தில் உள்ள அளவும் பொருந்துகிறதா. எது குறைவோ அதைத்தான் எடுப்போம். செட்பேக் (எல்லையிலிருந்து விட வேண்டிய இடம்), கார் நிறுத்தம், மழைநீர் சேகரிப்பு, எஃப்.எஸ்.ஐ. எல்லாம் 2019 கட்டட விதித்தொகுப்பில் உள்ள அட்டவணைப்படி. அப்புறம் தள ஆய்வு. அப்புறம் கட்டண நோட்டீஸ்: வளர்ச்சிக் கட்டணம், உள்கட்டமைப்புக் கட்டணம், பிணைத்தொகை. கட்டிவிட்டு வந்தால் அனுமதி.

இதில் கவனித்தீர்களா, எல்லாமே மனையின் நான்கு எல்லைக்குள். எல்லைக்கு வெளியே நாங்கள் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான், சாலை அகலம். அந்த உயரத்துக்கு 9 மீட்டர் சாலை வேண்டும். உங்கள் தெரு 23 அடி என்கிறீர்கள், அது 7 மீட்டர். சரி, உங்களிடம் ஒரு கேள்வி. டேப்பை எங்கிருந்து எங்கே வைத்தீர்கள்?

வேப்பமரத்தடி | சனி, பகல் 12.15

எங்கள் கேட் சாய்தளம் முடியும் இடத்திலிருந்து எதிர்வீட்டுச் சாய்தளம் தொடங்கும் இடம் வரை.

சங்கிலி66 | சனி, பகல் 12.21

அப்படியென்றால் நீங்கள் அளந்தது மீதி வைத்த தெருவை. உங்கள் லே-அவுட் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், 30 அடி என்று இருக்கும். ஒவ்வொரு வீடும் சாய்தளம், செம்பருத்திப் பாத்தி, ஷூ ரேக், படி என்று முன்னால் மூன்றரை மூன்றரை அடி எடுத்திருக்கும். முப்பதில் ஏழு போய்விட்டது. பில்டர் காகிதத்தில் காட்டியது 30 அடி, அதில் பொய் இல்லை.

கேட்கிறேன் என்று கோபப்பட வேண்டாம். உங்கள் வீட்டுக்கு இடப்பக்கம் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது?

அடையாறு_ஆலமரம் | சனி, பகல் 12.24

😀

ஏரிக்கரைவாசி | சனி, பகல் 2.40

சாலை அகலத்தை விடுங்கள். நான் சொல்வதைக் கேளுங்கள், இது எங்கள் தெருவில் நடந்தது.

தாழ்வான பகுதி என்றால் நீர்வளத் துறையிடம் வெள்ளத்துக்கான தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். அந்தச் சான்றில் ஒரு நிபந்தனை வரும்: மனையைக் கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் உயரம் வரை மண் கொட்டி உயர்த்த வேண்டும் என்று. படித்தால் நல்ல விஷயம்போல இருக்கும். எங்கள் பக்கத்து மனையை அப்படித்தான் மூன்றரை அடி உயர்த்தினார்கள். லாரி லாரியாகக் கிராவல். எல்லாம் விதிப்படி, ஒரு குறையும் சொல்ல முடியாது.

எங்கள் வீடு அதே இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் இப்போது பள்ளத்தில் இருக்கிறது. 2015 டிசம்பரில் எங்களுக்குத் தண்ணீர் வாசற்படியோடு நின்றது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் அன்று, கட்டிலுக்கு மேலே. ஃப்ரிட்ஜ் மிதந்தது. பக்கத்து அடுக்ககத்தின் ஸ்டில்ட்டில் கார்கள் நனையாமல் நின்றன. அவர்கள் நல்லவர்கள், மேலே வாருங்கள் என்று கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்கள். மூன்றாம் மாடியிலிருந்து எங்கள் வீட்டைப் பார்த்தேன், கிணற்றைப் பார்ப்பது போல இருந்தது.

புது வீட்டுக்குத் தண்ணீர் வருமா என்று பார்க்கிறார்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று பார்ப்பது யாருடைய மேசை? சங்கிலி சார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சங்கிலி66 | சனி, பகல் 3.05

யாருடைய மேசையும் இல்லை. மனைக்குள் மழைநீரைச் சேகரித்து மிச்சத்தை வடிகாலில் விட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தத் தெருவில் வடிகால் இருக்கிறதா என்பது வேறு துறை. நான் பார்த்த கோப்புகளில் பக்கத்து வீட்டுத் தரைமட்டம் என்று ஒரு எண் எழுதப்பட்டு ஒருநாளும் பார்த்ததில்லை. கேட்கும் படிவமே கிடையாது.

ஸ்கார்பரோ_சித்தப்பா | சனி, மாலை 6.50

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். இங்கே ஒரு பெரிய கட்டடத்துக்கு விண்ணப்பம் போட்டால் காணியின் முன்னால் பெரிய பலகை நட வேண்டும், எத்தனை மாடி, எத்தனை வீடு, யாரோடு கதைக்க வேண்டும் என்று. சின்ன விதிவிலக்குக் கேட்டால்கூட, பின் வளவில் கொஞ்சம் நீட்டிக் கட்ட என்று வையுங்கள், சுற்றி 60 மீட்டருக்குள் காணி வைத்திருக்கும் எல்லாருக்கும் கடிதம் போகும். ஒரு குழு இருக்கும், அங்கே போய்ப் பேசலாம். எனக்கும் ஒருமுறை கடிதம் வந்து போனேன்.

ஆனால் இதை நல்லதென்று மட்டும் நினைக்காதீர்கள். நான் போன அன்று பேசிய ஏழு பேரும் வீடு வைத்திருக்கிற ஆட்கள். தெருவின் தன்மை கெட்டுவிடும், வாகனம் கூடும் என்றார்கள். வாடகைச் சனம் வரும் என்பதைத்தான் அப்படி மரியாதையாகச் சொன்னார்கள். வரப்போகிற சனம் அந்த அறையில் இல்லை, அவர்களுக்குத்தான் இன்னும் விலாசமே இல்லையே. இப்படியே பல வருடம் ஒரு காணிக்கு ஒரு வீடு என்று இறுக்கிப் பிடித்து, வீட்டு விலை யாரும் தொட முடியாத இடத்துக்குப் போனது. 2023இல்தான் நகரம் முழுக்க ஒரு காணியில் நான்கு வீடு வரை கட்டலாம் என்று மாநகர சபை திறந்துவிட்டது.

மண்டபம் கேட்ட தம்பிக்கு: இங்கே தமிழ்ச் சமூக மையத்துக்கு ஸ்டெயின்ஸ் ரோட்டில் நகரசபைக் காணி ஒன்றைக் குத்தகைக்கு எடுக்கத் தீர்மானம், கலந்துரையாடல் என்று எத்தனை கூட்டம். காணி பொதுக்காணி என்றால் அவசரப்படாதீர்கள்.

தாம்பரம்_தனலட்சுமி | சனி, இரவு 8.15

அந்தப் பூங்கா இடத்தைப் பற்றி நான் சொல்கிறேன், நான்கு வருடம் அலைந்திருக்கிறேன்.

லே-அவுட் 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளிக்காக விட்டு, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பது இதைத்தான். 3,000 முதல் 10,000 வரை என்றால் இடமாகக் கொடுக்கலாம் அல்லது வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டலாம். பெரும்பாலும் பணம் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் பணத்தில் எங்கள் பக்கம் ஒரு சறுக்குமரம்கூட நான் பார்த்ததில்லை.

ஓ.எஸ்.ஆர். இடத்தில் பூங்கா, விளையாட்டிடம் தவிர வேறெதுவும் கூடாது. ஹால் கூடாது, கோவில் கூடாது, சங்க அலுவலகம் கூடாது, அரசே வந்து தண்ணீர்த்தொட்டி கட்டினாலும் வழக்குப் போடலாம். உயர் நீதிமன்றம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. எங்கள் சங்கத்தில் முதலில் ஒரு பிள்ளையார் வந்தார். பிறகு பிள்ளையாருக்குத் தகரக் கூரை, கூரைக்குக் கீழே சங்கத்தின் நாற்காலிகள், நாற்காலிகளுக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி செயலாளர் வீட்டில். பிள்ளைகள் விளையாடத் தெருவுக்குப் போனார்கள். நான் மனுப் போட்டபோது சாமி குத்தம் என்று என் வீட்டுக்குக் கோலப்பொடி தருவதையே நிறுத்தினார்கள்.

உங்களுக்குப் படிப்பகம்தான் வேண்டும் என்றால் லே-அவுட் வரைபடத்தில் பொதுப் பயன்பாடு என்று தனியாக ஒரு சின்ன மனை இருக்கிறதா என்று பாருங்கள். புதிய லே-அவுட்களில் 1 சதவீதம் விடுவார்கள், பாதி மின்வாரியத்துக்கு, பாதி உள்ளாட்சிக்கு. 91 லே-அவுட்டில் பள்ளி, கடை என்று ஏதாவது குறித்திருக்கலாம். அதில் கேளுங்கள். பூங்காவைத் தொடாதீர்கள், கருவேலை மட்டும் வெட்டுங்கள்.

ஊரப்பாக்கத்தான் | ஞாயிறு, காலை 7.30

சின்ன அளவில் வீடு கட்டி விற்பவன் நான். என்னையும் பேச விடுங்கள்.

அனுமதிக்கு மாதக்கணக்கில் காத்திருந்தால் வட்டி யார் கட்டுவது? வாங்குபவர்தான். 2024 ஜூலை 22 முதல் சுயசான்று வந்திருக்கிறது. 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் இணையத்தில் போட்ட உடனே அனுமதி. கட்டட நிறைவுச் சான்றும் வேண்டாம். எத்தனை குடும்பம் நிம்மதியாக வங்கிக் கடன் வாங்கியது தெரியுமா? அக்கம்பக்கத்தாரைக் கேட்டு அனுமதி என்று கொண்டுவந்தால் ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் கையெழுத்துக்கு விலை வைப்பார். ஏற்கெனவே வைக்கிறார்கள்.

கல்லுமண்ணு | ஞாயிறு, காலை 8.02

இதில் ஊரப்பாக்கத்தாரோடு பாதி ஒத்துப்போகிறேன். சிறிய வீட்டுக்கு அலைய விடக்கூடாது. ஆனால் காகிதத்தைச் சரிபார்ப்பதும் கட்டடத்தைச் சரிபார்ப்பதும் வேறு. மௌலிவாக்கம் மறந்துவிட்டதா? 2014 ஜூன் 28, கட்டும்போதே இடிந்து விழுந்த பதினோரு மாடி, 61 உயிர். அதற்கும் அனுமதி இருந்தது. பக்கத்தில் நின்ற இரண்டாவது கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தரைமட்டமாக்கினார்கள். வேலை நடக்கும்போது நடுநடுவே ஆய்வு வேண்டும், நிறைவுச் சான்று இல்லாவிட்டால் பெரிய கட்டடங்களுக்கு மின் இணைப்பும் குடிநீரும் கிடையாது என்று 2019 விதிகள் சொல்வது சும்மா இல்லை.

அடையாறு_ஆலமரம் | ஞாயிறு, காலை 8.40

விதி மீறினால் மட்டும் என்ன ஆகிறது? 2011 அக்டோபர் கடைசியில் தி.நகரில் பெரிய பெரிய கடைகளுக்குப் பூட்டுப் போட்டார்கள். அப்புறம் திறந்தார்கள். நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ ஏற்கெனவே இருந்தது, அப்புறம் 113-சி வந்தது, அபராதம் கட்டினால் வரன்முறை, அதாவது மீறலே சட்டப்படி ஆகிவிடும். மனைகளும் அப்படியே. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லா மனைகளின் பத்திரப்பதிவை நிறுத்தியது, 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது, 2016 அக்டோபர் 20க்கு முன் விற்றது எல்லாம் சரி என்று. விதிப்படி கட்டியவன்தான் இங்கே இளிச்சவாயன்.

சங்கிலி66 | ஞாயிறு, காலை 9.15

ஆலமரம், நேற்றிலிருந்து நீங்கள் சொன்னதில் இது ஒன்றுதான் உருப்படி. சேர்த்துக்கொள்ளுங்கள்: பூட்டி முத்திரை வைக்க நோட்டீஸ் கொடுத்தால் 80-ஏ பிரிவில் அரசுக்கு மேல்முறையீடு. அங்கே கோப்பு உறங்கும். விதிமீறலில் குடியேறியவர்களும் உறங்குவார்கள். உறங்காதவர் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும்.

அதனால்தான் அடிக்கல் நாட்டும் முன்பே பார்க்க வேண்டும் என்கிறேன். அனுமதி கேட்க வேண்டாம், ஊரப்பாக்கத்தார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விண்ணப்பம் போட்ட அன்றே மனை வாசலில் ஒரு பலகை, வரைபடம் இணையத்தில், பதினைந்து நாள். ஆட்சேபம் வேண்டாம், தகவல் கொடுக்கட்டும்: இங்கே 2015இல் தண்ணீர் இவ்வளவு நின்றது, இந்த வடிகால் அடுத்த தெருவில் முட்டி நிற்கிறது, இது பழைய வாய்க்கால் என்று. தள ஆய்வுக்கு வருபவர் வெயிலில் அரை மணி நேரம் நிற்பார். அந்தத் தெருவில் முப்பது வருஷம் இருப்பவருக்குத் தெரிந்தது அவருக்கு எப்படித் தெரியும்? நானும் அப்படி அரை மணி நேரம் நின்றவன்தான். ஒரு மனையில் ஆய்வு முடித்துக் கிளம்பும்போது ஒரு பாட்டி, தம்பி இது மடைக்கு வாய் என்றார். கோப்பில் பாட்டி சொன்னார் என்று எழுத இடமில்லை. எழுதவில்லை.

ஏரிக்கரைவாசி | ஞாயிறு, காலை 9.33

இதைப் படித்துவிட்டு என்ன சொல்வதென்று தெரியவில்லை சார்.

மதுரைக்காரி_மீனா | ஞாயிறு, காலை 11.10

சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்கு: எங்களுக்கு சி.எம்.டி.ஏ. கிடையாது. நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டி.டி.சி.பி., அல்லது உள்ளூர்த் திட்டக் குழுமம். விதித்தொகுப்பு ஒன்றுதான். யாரும் சி.எம்.டி.ஏ. தளத்தில் போய்த் தேடிக் களைத்துப்போக வேண்டாம். நான் தேடியிருக்கிறேன்.

வேப்பமரத்தடி | அடுத்த சனி, மாலை 5.20

ஒரு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ரெரா தளத்தில் வரைபடம் கிடைத்தது. சாலை 9.14 மீட்டர், சங்கிலி சார் சொன்ன அதே 30 அடி. எங்கள் லே-அவுட் நகலிலும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் என் மகனும் டேப்போடு தெருமுனை வரை போனோம். பதினான்கு வீட்டில் பன்னிரண்டு வெளியே வந்திருக்கிறது. எங்களுடையது நான்கடி இரண்டு அங்குலம், தெருவிலேயே இரண்டாவது இடம். சாய்தளமும் அம்மாவின் செம்பருத்தியும்.

இடப்பக்கம் எவ்வளவு என்று கேட்டீர்கள். அனுமதி வரைபடத்தில் ஐந்து அடி. 2003இல் பக்கத்தில் ஒரு அறை எடுத்தோம். இப்போது இருப்பது இரண்டடி. ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஏரிக்கரைவாசி சொன்னதை வைத்து மனை மட்டத்தைப் பார்த்தேன். இங்கேயும் உயர்த்தப்போகிறார்கள், இரண்டே முக்கால் அடி. கட்டுபவரிடம் நானும் எதிர்வீட்டுக்காரரும் போய்ப் பேசினோம். சண்டைக்குப் போகவில்லை. மண் கொட்டும் முன் எங்கள் மதிலை ஒட்டி ஒரு கால்வாய் எடுத்துத் தெரு வடிகாலில் சேர்க்க முடியுமா என்று கேட்டோம். எடுக்கிறேன், ஆனால் தெருவில் குழாய் பதிக்க இடம் எங்கே இருக்கிறது, உங்கள் சாய்தளங்கள்தானே நிற்கின்றன என்றார். திரும்பி வந்து வீடு வீடாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். இதுவரை ஐந்து வீடு இடிக்கச் சம்மதம், எங்கள் வீட்டையும் சேர்த்து.

படிப்பகத்துக்குப் பூங்கா வேண்டாம் என்று சங்கத்தில் சொல்லிவிட்டேன். வரைபடத்தில் கடை என்று ஒரு மனை இருக்கிறது, அது இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று வில்லங்கம் போட்டிருக்கிறோம்.

அம்மா செம்பருத்தியை எங்கே மாற்றி நடுவது என்று கேட்கிறார். இடப்பக்கம் இரண்டடிதான் இருக்கிறது என்றேன். அப்போதே சொன்னேனே அந்த அறை வேண்டாமென்று, என்கிறார்.

சங்கிலி66 | அடுத்த சனி, மாலை 5.48

கால்வாய் விஷயத்தை வாய்ப்பேச்சாக விடாமல் கடிதமாக எழுதி வாங்குங்கள். வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டு இருவரும் கையெழுத்து. மதிலின் அடிமட்டத்தையும் இப்போதே ஒரு பெயிண்ட் கோடு போட்டுப் படம் எடுத்து வையுங்கள், தேதியோடு. மண் கொட்டிய பிறகு பழைய மட்டம் எது என்று காட்ட வேறு சாட்சி இருக்காது. செம்பருத்திக்குத் தொட்டி போதும்.